கரடி தூங்கும் ஊரில்

மூக்குக்குள் இருக்கிற முடிகூட உறையும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காது மடல் எரியும், உதடு வெடிக்கும், விரல் மரத்துப்போகும் என்று அக்கா மகள் ஒரு பட்டியலே வாசித்திருந்தாள். அதில் மூக்கு இல்லை. ஸ்டாக்ஹோமில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிக்கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்ததும் உள்ளே ஏதோ நறநறவென்று ஒட்டிப் பிரிந்தது. மைனஸ் 14 டிகிரி. காலை எட்டு மணி. சூரியன் வருவதற்கான அறிகுறியே இல்லை; நம்மூரில் விடியற்காலை நாலு மணிக்கு இருக்கும் இருட்டு. அந்த இருட்டில் ஜனங்கள் சர்வ சாதாரணமாக நடந்து போகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். ஒரு அம்மா தள்ளுவண்டியில் கைக்குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறாள். குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறது! மார்கழிப் பனிக்கே பிள்ளையின் காதில் பஞ்சு வைத்துக் குல்லாவை இழுத்துவிடும் மதுரை வம்சத்தில் வந்தவனுக்கு நெஞ்சு பதறாமல் என்ன செய்யும்?

என் மேல் அப்போது ஐந்து அடுக்குத் துணி. முழங்கை மடங்க மறுத்தது. ஷூவுக்கு அடியில் ஆணி பதித்த ரப்பர் வளையம் ஒன்றை அக்கா மகள் மாட்டிவிட்டிருந்தாள், ஐஸில் வழுக்காமல் இருக்க. நடைபாதையெங்கும் பொடி ஜல்லி தூவியிருக்கிறார்கள். கறுமுறுவென்று சத்தம் போட்டுக்கொண்டு நான் நடக்க, என் பக்கத்தில் அவள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் 71 வயதுத் தாத்தா சத்தமே இல்லாமல் நழுவி நழுவிப் போய்க்கொண்டிருந்தார். எங்களை அழைத்துப் போகிறவர் அவர்தான். போகிற இடம், எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாத ஒன்று: அவருடைய டயாலிசிஸ் மையம்.

அக்கா மகள் இங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறாள். அவளுடைய அம்மா, என் அக்கா, மதுரையில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவள். ஊர் பார்க்க வந்தவனுக்கு அரண்மனையும் மூழ்கிய கப்பலும் காட்ட வேண்டியவள், "மாமா, நாளைக்குத் தாத்தாவோட டயாலிசிஸ் பார்க்க வர்றீங்களா? அவரே கூப்பிடுறாரு" என்று கேட்டபோது, நான் கப்பலை மறந்தேன்.

புறநகர் ரயிலில் ஏறினோம். அப்பப்பா, என்ன அமைதி! பெட்டியில் நாற்பது பேர் இருப்பார்கள். ஒரு இருமல் இல்லை, ஒரு 'ஹலோ' இல்லை. இரண்டு பேர் சீட்டில் ஒருவர் இருந்தால் அடுத்தவர் அங்கே உட்கார மாட்டார், நின்றுகொண்டே வருவார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில், மடியில் உட்கார்ந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பாலத்தைக் கடக்கும்போது கீழே தண்ணீர் முழுக்க வெள்ளையாய் இறுகிக் கிடந்தது. அதன் மேல் ஒருவர் நாயோடு நடந்துபோகிறார். ஏரிமேல்! கிழக்கே ஒரு ஆரஞ்சுக் கோடு தெரிந்தது. மணி எட்டே முக்கால். "சூரியன் வந்தாச்சு" என்று தாத்தா எனக்கு விரலால் காட்டினார்.

மையத்துக்குள் நுழைந்ததும் ஷூவுக்கு மேல் நீல நிற பிளாஸ்டிக் உறை. பினாயில் வாடைக்கு மூக்கைத் தயார் செய்து வைத்திருந்தேன், வந்தது காபி வாசனை. தாத்தா கோட்டைக் கழற்றி மாட்டினார், எடை மேடையில் தானே ஏறினார், எண்ணைத் தானே எழுதிக்கொண்டார். போன தடவையிலிருந்து 1.6 கிலோ ஏறியிருக்கிறது. அவ்வளவும் தண்ணீர். சித்திரை வெயிலில் என் அக்காவுக்கு மூன்று கிலோ ஏறும். நாக்கு வறண்டு ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே காலம் தள்ளுவாள். மைனஸ் 14-இல் தாகத்துக்கு என்ன வேலை?

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தாத்தா கையை முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டுக் கழுவினார். மெஷினை உயிர்ப்பித்தார். உறையைப் பிரித்து ட்யூப்களை எடுத்து ஒவ்வொன்றாய் மாட்டினார். நான் நர்ஸ் எங்கே என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். நர்ஸ் தூரத்தில் ஒரு மேசையில் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறார். தாத்தா தானே தன் கையில் ஊசியைக் குத்திக்கொண்டார்! ஒன்றல்ல, இரண்டு: ரத்தம் வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று. ஒரே இடத்தில் குத்திக் குத்தி, கம்மல் போடும் ஓட்டை மாதிரி நிரந்தர வழி உண்டாகியிருக்கிறது. அதனால் முனை மழுங்கிய ஊசியே போதுமாம். குத்துவதற்கு முன் என் விரலை எடுத்து அந்தக் கையின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் 'உர்ர்ர்' என்று ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த ஃபிஸ்டுலா. அக்காவின் கையிலும் இது இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் தொட்டுப் பார்த்ததில்லை.

தாத்தா தானே எல்லாம் செய்துகொள்வதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. யோன்ஷோபிங் என்ற ஊரின் ரீஹோவ் ஆஸ்பத்திரியில் 2005-இல் ஒரு நோயாளி, "இந்த மெஷினை நானே ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா?" என்று நர்ஸைக் கேட்டாராம். அவர் கற்றுக்கொண்டார், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார், கடைசியில் நோயாளிகளே நடத்திக்கொள்ளும் டயாலிசிஸ் பிரிவு ஒன்று உருவானது. இந்த நாட்டில் டாக்டரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பெரிய டாக்டர் ஒருவர் எங்களைக் கடந்து போனார். தாத்தா அவரைப் பெயர் சொல்லி அழைத்து ஏதோ கிண்டலடிக்க, டாக்டர் சிரித்துக்கொண்டே போகிறார். நான் அனிச்சையாக எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றேன்.

மெஷின் ஓடத் தொடங்கியது. மெஷினில் மாட்டியிருந்த, கையளவு நீளமான பிளாஸ்டிக் குழலுக்குள் ரத்தம் ஏறிச் சிவப்பதைக் கிட்டே குனிந்து பார்த்தேன். உள்ளே தலைமுடிப் பருமனில் சுமார் பத்தாயிரம் இழைகள்; ஒவ்வொன்றும் நடுவே துளை உள்ளது. துளைக்குள் ரத்தம், வெளியே எதிர்த்திசையில் டயாலிசிஸ் நீர். நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் நீர் ஓடிவிடும். யூரியாவும் பொட்டாசியமும் அந்த நீரில் இறங்கிப் போய்விடும்.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட வேண்டுமே? ஆகவில்லை என்பதில்தான் கதையே ஆரம்பம். ரத்தத்தை இன்னும் அதிகமாகச் சுத்தம் செய்தால் ஆயுள் கூடுமா என்று அமெரிக்காவில் 1,846 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வந்தது: கூடவில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களில் பெரும்பங்கு பேரின் உயிரைக் கொண்டுபோவது இதயமும் ரத்தக்குழாயும். அதை முன்கூட்டிச் சொல்லும் எண் யூரியா, கிரியாட்டினின் வரிசையில் இல்லை.

தாத்தா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மாதாமாதம் அவர் ரத்தத்தின் கணக்கு. அக்கா மகள் விரல் வைத்த இடத்தில், சி.ஆர்.பி. வரிசை: 3, 4, 3, 22, 5. கொரோனா காலத்தில் நம் வீடுகளில் எல்லாரும் மனப்பாடமாகச் சொன்ன அதே சி.ஆர்.பி.! 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா வந்தவர்களின் ரத்தத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட புரதம். உடம்பில் எங்காவது அழற்சி என்றால் இன்டர்லூகின்-6 என்ற சேதிக்காரன் கல்லீரலுக்குச் செய்தி கொண்டுபோக, கல்லீரல் சி.ஆர்.பி.யைக் கொட்டும். லேபில் இதை அளப்பது எப்படி என்று கேட்டேன். "ரத்த நீர்ல ஆன்டிபாடி பூசின நுண்ணிய துகளைப் போடுவோம் மாமா. சி.ஆர்.பி. இருந்தா ரெண்டும் கட்டிப் பிடிச்சுக் கலங்கும். கலங்கலுக்குள்ள வெளிச்சம் விட்டா எவ்வளவு கலங்கியிருக்குன்னு மெஷின் சொல்லிடும். பத்து நிமிஷ வேலை."

"அந்த 22?"

தாத்தா வாயைத் திறந்து கடைவாயில் ஓர் ஓட்டையைக் காட்டினார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எண் மட்டும் ஏறியிருந்தது. நர்ஸ் தேடுதல் வேட்டையில் இறங்கினாராம்: காலில் புண் உண்டா, ஃபிஸ்டுலாவில் சிவப்பு உண்டா, வயிறு எப்படி, ஈறு எப்படி. பல்லின் வேரில் சீழ். பிடுங்கினார்கள், எண் இறங்கியது. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அந்தக் குழாயே காரணமாகலாம். முன்பு மாற்றி வைத்துப் பழுதாகி உள்ளேயே விட்டுவிட்ட சிறுநீரகம் காரணமாகலாம். டயாலிசிஸ் நீரில் கலந்த பாக்டீரியாத் துணுக்குகூட ஆகலாம்.

பத்து மணிக்கு டிரே வந்தது. ரை ரொட்டி, சீஸ், வேகவைத்த முட்டை, சின்னக் கோப்பையில் காபி. தாத்தா தொந்தியைத் தட்டிக்கொண்டு சாப்பிட்டார். அக்கா மகள் சொன்ன தகவலில் எனக்கு வாய் பிளந்தது: டயாலிசிஸில் இருப்பவர்களில் சதைப்பிடிப்பானவர்கள்தான் ஒல்லியானவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள். கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்கள் அதிகம் சாகிறார்கள். உலக வழக்கமே தலைகீழ்! காரணம் தேடிப் போனால், அந்த ஒல்லிக்கும் குறைந்த கொலஸ்ட்ராலுக்கும் பின்னால் பெரும்பாலும் அழற்சிதான் உட்கார்ந்திருக்கிறது.

தாத்தாவுக்கு இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி. நன்றி சொல்லி வெளியே வந்தோம். வெயில்! அடிக்கிறது, ஆனால் சுடவில்லை. பத்து மணி வெயிலில் நிழல் நீள நீளமாக விழுந்து கிடந்தது.

ரயில் ஃப்ளெமிங்ஸ்பெர்க் நிலையத்தில் நின்றபோது, மேட்டின் மேல் தெரிந்த பெரிய கட்டடங்களைக் காட்டி, "அதுதான் ஹுடிங்க கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரி" என்றாள் அக்கா மகள். டயாலிசிஸ் உலகத்தில் அந்த மேட்டுக்குத் தனி மரியாதை. அங்கே சிறுநீரகப் பிரிவை நடத்திய யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் ஒரு விசித்திர மனிதர். இளவயதில், தசையிலிருந்து ஒரு துளி சதையை ஊசியால் எடுக்கும் வித்தையைக் கொண்டுவந்தவர். 1966-இல் அவரும் எரிக் ஹுல்ட்மன் என்ற சகாவும் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்களாம்! மிதித்த கால், மிதிக்காத கால் இரண்டிலும் ஊசி போட்டு, தசையில் சர்க்கரைச் சேமிப்பு எப்படித் திரும்புகிறது என்று பார்த்தார்கள். தங்கள் தொடையையே ஆராய்ச்சிக்குக் கொடுத்த அந்த இருவரையும் நினைத்துப் பெட்டியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நாற்பது தலைகள் திரும்பின.

அதே துறையில் பீட்டர் ஸ்டென்விங்கலும் கூட்டாளிகளும் 1999-இல், டயாலிசிஸ் தொடங்கவிருந்த 109 பேரைப் பரிசோதித்தார்கள். 44 சதவீதம் பேருக்கு ஊட்டம் குறைந்திருந்தது. 72 சதவீதம் பேருக்குக் கழுத்துத் தமனியில் படிவு. ஊட்டம் குறைந்தவர்களிடம்தான் சி.ஆர்.பி.யும் அதிகம், படிவும் அதிகம். அதே வருஷம் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் 280 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு வருஷம் பின்தொடர்ந்தவர்கள், சி.ஆர்.பி. ஏறியிருந்தவர்கள் அதிகம் இறந்ததைக் கண்டார்கள். 2002-இல் ஹுடிங்கவிலிருந்தே இன்னொரு சேதி: டயாலிசிஸ் தொடங்கும்போது இன்டர்லூகின்-6 எவ்வளவு என்பதும் ஆயுளை முன்சொல்கிறது. ஒரு நாள் எண்ணை நம்பிப் பயப்படக் கூடாது என்பதையும் இவர்களேதான் சொன்னார்கள். ஸ்டாக்ஹோம், உப்சாலா பக்கத்து நோயாளிகளுக்கு மூன்று மாதம் வாராவாரம் சி.ஆர்.பி. பார்த்தார்கள். சளி பிடித்தால் ஏறும், இறங்கும், அது பெரிதல்ல. இறங்காமல் அப்படியே நின்றால்தான் ஆபத்து. நீறு பூத்த நெருப்பு அது.

2000-இல் ஸ்டென்விங்கல் குழு எழுதிய கட்டுரையின் கேள்வி என்னை ரயில் ஜன்னலோரம் வெகுநேரம் பிடித்து வைத்தது. மெலிவு ஒரு வகைதானா, இரண்டு வகையா? ஒன்று, சரியாகச் சாப்பிடாததால், டயாலிசிஸ் போதாததால் வருவது. சோறு போட்டால் தேறும். மற்றது, அழற்சியால் வருவது. பசியைக் கொல்வதும் அதுதான், தசையைக் கரைப்பதும் அதுதான். கல்லீரல் சி.ஆர்.பி. செய்வதில் மும்முரமாகி ஆல்புமின் என்ற புரதத்தைச் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். அங்கே வெறுமனே சோறு போட்டுப் பயனில்லை.

ரத்தத்தில் ஆல்புமின் குறைந்தால் ஆபத்து என்பது 1990-லேயே அமெரிக்காவில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் கணக்கில் தெரிந்துவிட்டது. நம்மூர் டாக்டர்கள் வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்வது அதனால்தான். என் அக்கா வெள்ளி, செவ்வாய், கிருத்திகை, சஷ்டி என்று நாள் சொல்லியே முட்டையிடமிருந்து தப்பிக்கிறவள். ஆல்புமின் குறைகிற மாதமெல்லாம் வீட்டில் பேச்சு விழும்: "சாப்பிட்டாத்தானே ஏறும்?" அவள், "எறங்கலைடா, வாயில வச்சா கசக்குது" என்பாள். யாரும் நம்புவதில்லை. அவள் வாய்க்கசப்புக்கு இந்தப் பனிமேட்டில் ஒரு சாட்சி இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஐந்து அடுக்குத் துணிக்குள்ளும் குளிர்ந்தது. டயாலிசிஸில் ஒருவர் மெலிந்துகொண்டே போனால், தட்டை நீட்டுவதற்கு முன் எங்கே எரிகிறது என்று கேட்கிற வழக்கம் நம் வீடுகளுக்கு வர வேண்டும். ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. என்ற அந்த ஒற்றை வரியைத் தேடும் பழக்கமும்.

பெரிய ஸ்டேஷனில் இறங்கி காம்லா ப்ரூகாத்தன் தெருவுக்கு நடந்தோம். குறுகலான கடைத்தெரு. கூரையிலிருந்து பனி விழும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அண்ணாந்தால், இடுப்பில் கயிறு கட்டிய இருவர் ஐந்தாம் மாடிக் கூரையில் நின்று மண்வெட்டியால் பனியைத் தள்ளுகிறார்கள். தள்ளிய பனி 'தொப்' என்று நடுத்தெருவில் விழுகிறது. கீழே ஒருவன் விசில் ஊதி ஆட்களை நிறுத்திவைக்கிறான். ஐந்து நிமிஷம் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வாய்க்குள்ளும் உறைந்தது.

இந்தத் தெருவுக்கு வந்த காரணம் வேறு. தெற்கே லுண்ட் நகரத்தில் நில்ஸ் ஆல்வால் என்ற டாக்டர் 1946-லேயே தன் செயற்கைச் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்தியவர். அவர் வேலையைக் கேள்விப்பட்டு மயங்கிய ஹோல்கர் கிராஃபோர்ட் என்ற தொழிலதிபர் 1964-இல் அதற்காக லுண்டில் தொடங்கிய கம்பெனிதான் காம்ப்ரோ. டயாலிசிஸ் அறைகளில் பார்த்திருக்கக்கூடிய அந்தப் பெயர், காம்லா ப்ரூகாத்தன் தெருவில் இருந்த ஒரு மருத்துவச் சாமான் கடையின் பெயர்ச் சுருக்கம்! இப்போது அங்கே துணிக்கடையும் காபிக்கடையும்.

அந்த கிராஃபோர்டுக்குக் கடுமையான மூட்டு அழற்சி. தன் பெயரில் பரிசு ஒன்றை நிறுவியபோது, வானியல், கணிதத்தோடு மூட்டு அழற்சி ஆராய்ச்சியையும் சேர்க்கச் சொன்னார். 2009-இல் அந்தப் பரிசு சார்ல்ஸ் டினரெல்லோ, தடமிட்சு கிஷிமோட்டோ, டோஷியோ ஹிரானோ ஆகிய மூவருக்குப் போனது. எதற்கு? இன்டர்லூகின்களைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டதற்கு. இன்டர்லூகின்-6இன் மரபணுவை 1986-இல் வெளிக்கொண்டு வந்தது ஹிரானோவும் கிஷிமோட்டோவும்தான். செயற்கைச் சிறுநீரகம் விற்ற காசு, அந்தச் சிறுநீரகத்தால் அணைக்க முடியாத நெருப்பின் சேதிக்காரனைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசாகப் போயிருக்கிறது! இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தெருவில் நின்றபோது ஒரு சுண்டலாவது வாங்கிக் கொறிக்க வேண்டும் என்று தோன்றியது. சுண்டல் இல்லை, ஏலக்காய் பன் கிடைத்தது.

ஆகா, அந்த பன்! கடைக்கதவைத் திறந்ததுமே ஏலக்காய் நெடி. பாயசத்தில் ஒன்றிரண்டு போடும் நாம் எங்கே, பன்னின் தலையில் கரகரவென்று பொடித்துக் கொட்டும் இவர்கள் எங்கே. "நம்ம போடி ஏலக்காயா இருக்கும்!" என்று மார்தட்டினேன். "குவாத்தமாலா ஏலக்காயா இருக்கும் மாமா, அங்கதான் இப்ப நெறைய விளையுது" என்றாள். பெருமையைச் சுருட்டிவைத்து பன்னைக் கடித்தேன்.

"அப்ப சி.ஆர்.பி.யைக் கொறைக்க மாத்திரை போட்டா முடிஞ்சுதே?" என்று கேட்டேன். அவள் காபியை உறிஞ்சினாள். உப்சாலாவைச் சேர்ந்த பெங்த் ஃபெல்ஸ்ட்ரோம் தலைமையில் 2,776 டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்களாம். 2009-இல் முடிவு. கொலஸ்ட்ரால் இறங்கியது, சி.ஆர்.பி.யும் சற்று இறங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் குறையவில்லை. "எண்ணு புகை மாமா. புகையை விசிறி என்ன செய்ய?" இன்டர்லூகின்-6ஐயே கட்டிப்போடும் மருந்துகளை இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதியம் ஏழாம் நம்பர் டிராம் பிடித்து ஸ்கான்சென். 1891-இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம். பழைய மர வீடுகளோடு வடநாட்டு விலங்குகளும் உண்டு. எனக்குக் கரடி பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் அதே ஸ்டென்விங்கல் கொஞ்ச காலமாகக் கரடியின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் கொம்பில்லாத ஒரு மூஸ் மான், மாட்டைவிட உயரம், என் கோட்டை ஏற இறங்கப் பார்த்தது. கரடிப் பாறைக்குப் போனோம். பாறை இருக்கிறது, பனி இருக்கிறது. கரடியைக் காணோம். ஜனவரியில் கரடி குகைக்குள் தூங்கும், வசந்தத்தில்தான் எழுந்து வரும் என்பது ஸ்வீடனில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். டிக்கெட் எடுத்து, தூங்குகிற கரடியின் வீட்டு வாசலில் நின்ற ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் அந்தத் தூக்கம் இருக்கிறதே! இலையுதிர் காலம் முழுக்க காட்டுப் பழங்களைத் தின்று கொழுத்து, பிறகு ஐந்தாறு மாதம் சோறு இல்லை, தண்ணீர் இல்லை, சிறுநீரும் இல்லை. நெஞ்சு நிமிஷத்துக்குப் பத்துத் தடவை அடிக்கும். சிறுநீரகம் வடிகட்டும் வேகம் பெருமளவு சரிந்து கிரியாட்டினின் ஏறும். மனிதனாக இருந்தால் என்றோ மெஷினில் போட்டிருப்பார்கள். கரடிக்கோ யூரியா ஏறுவதில்லை. குடல் பாக்டீரியாக்கள் அதை உடைக்க, அந்த நைட்ரஜனை எடுத்துத் திரும்பப் புரதமாக்கிக்கொள்கிறது. தசை கரைவதில்லை. கொலஸ்ட்ரால் எகிறியும் ரத்தக்குழாயில் படிவதில்லை. வெள்ளணுக்களின் எண்ணிக்கைகூடக் குறைந்துவிடுகிறது. வசந்தத்தில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு அதன்பாட்டுக்குக் காட்டுக்குள் போய்விடும்.

இதன் ரகசியம் தெரிய, வடக்கே டாலர்னா காடுகளில் பிப்ரவரிப் பனியில் குகை தேடிப் போகிறார்கள். ஒரெப்ரோ நகர இதய டாக்டர் ஓலே ஃப்ரோபெர்ட்டின் குழு, கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய இளங்கரடிகளுக்கு மயக்க ஊசி எய்து, பனியில் கிடத்தி, ரத்தம் எடுத்து, பத்திரமாகக் குகைக்குள்ளேயே திரும்பப் படுக்க வைத்துவிடும். ஜூனில் அதே கரடியைத் தேடிப்பிடித்து மறுபடி ரத்தம். தூங்கும் ரத்தம், விழித்த ரத்தம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். மேல்மாடித் தாத்தாவுக்கு வாரம் மூன்று தடவை 120 லிட்டர் தண்ணீர் செலவழித்தும் கிடைக்காதது, குகையில் குறட்டைவிடும் மிருகத்துக்குச் சும்மா கிடைக்கிறது. என்ன அநியாயம் இது!

மூன்றே காலுக்குச் சூரியன் போய்விட்டது. நம்மூரில் பள்ளிக்கூடம் விடாத நேரம். ஜன்னல்தோறும் வரிசை மெழுகுவர்த்தி விளக்குகள்.

வீடு சேர்ந்து, ஒவ்வொரு துணியாக உரித்துப் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டோம். மதுரையில் இரவு ஒன்பதரை. இந்த மாத ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். சி.ஆர்.பி. 1.8. "பரவாயில்லையே!" என்றேன். "அலகைப் பாருங்க மாமா, டெசிலிட்டர். தாத்தா கணக்குப்படி பதினெட்டு" என்றாள் அக்கா மகள். போன மாதமும் அதே அளவு.

"அம்மா, பல்லு ஏதும் வலிக்குதா?"

"பல்லுக்கும் கிட்னிக்கும் என்னடி சம்பந்தம்? தீபாவளிலருந்து அந்தக் கடவாய்ப் பல்லு ஆடிக்கிட்டுத்தான் கெடக்கு. ஒத்தடம் குடுக்கேன்."

அக்கா மகள் என்னைப் பார்த்தாள். பிறகு பத்து நிமிஷம் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் வாக்குவாதம்: நாளைக்கே டாக்டரிடம் சி.ஆர்.பி.யையும் பல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போடுவதால் பல் டாக்டரிடமும் எந்த நாள் என்று கேட்டுத்தான் கை வைக்கச் சொல்ல வேண்டும், தம்பி கூடப் போக வேண்டும். அக்கா கடைசியில் சம்மதித்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"நீ எங்கடா போன இன்னைக்கு?"

கரடிக் கதை முழுவதையும் சொன்னேன். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, ஒன்றுக்குப் போவதில்லை, ஆறு மாதத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

"குடுத்து வச்ச கரடி" என்றாள். "தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அதுகிட்ட யாரும் கத்தவும் மாட்டாக. சரி, போனை வை. நாளைக்கு மொத ஷிஃப்ட்டு, அஞ்சு மணிக்கு ஆட்டோ வந்துரும்."